கண்ணாடியின் குழிந்த பக்கம்

உங்கள் சவரக் கண்ணாடி இன்று காலை பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரரின் தராசு வரைக்கும் போய்விட்டது.

மகள்தான் அதைப் பழைய சாமான்களோடு சேர்த்துக் கீழே கொடுத்தனுப்பினாள். கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். "அப்பா என்னக் கொளுத்தப் பாத்த கண்ணாடிம்மா. என் பொண்ணு பக்கத்துல இது வேண்டாம்" என்றாள்.

அவளுக்கு அப்போது நான்கு மாதம். தில்லியில் இதே துவாரகா வீட்டுப் பால்கனியில் டிசம்பர் வெயிலில் சவரம் செய்துவிட்டு நீங்கள் குளிக்கப் போயிருந்தீர்கள். அவள் அங்கேயே பஞ்சு ரஜாய்ப் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். "பாபிஜி, துவான்! ஜல்தி!" என்று எதிர் வீட்டம்மா அலறிய பிறகுதான் புகையைப் பார்த்தேன். பிள்ளையின் முகத்துக்கு ஒரு சாண் கீழே ரஜாய் கறுத்துக் கனன்றுகொண்டிருந்தது. ஈரத் துண்டோடு ஓடிவந்து அவளைப் பிடுங்கி என்னிடம் தந்துவிட்டு, நெருப்பை வெறுங்கையால் அடித்து அணைத்தீர்கள்.

"தட்டைப் பக்கம் வந்த வெயில அப்படியே திருப்பி விட்டுரும். முகத்தப் பெருசாக் காட்டுற குழிப் பக்கம் மொத்தத்தையும் ஒரே புள்ளியில கொண்டுபோய்ச் சேத்துரும். எப்பவும் தட்டைப் பக்கத்தத்தான் வெயிலுக்குக் காட்டி வைப்பேன். இன்னிக்கு எப்படி மறந்தேனோ" என்றீர்கள்.

நீங்கள் மறக்கவில்லை. முகவாயில் முளைத்திருந்த ஒற்றை முடியைப் பிடுங்க நான்தான் அதைத் திருப்பினேன். குக்கர் விசிலடித்தது, அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

உங்களுக்கும் அது தெரியும். கண்ணாடி விளிம்பில் ஒட்டியிருந்த என் குங்குமத்தைத் துண்டால் துடைத்தீர்கள், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஊரிலிருந்து வந்த உங்கள் அம்மா உங்களை வாய்க்கு வந்தபடி ஏசியபோதும் பேசாமல் இருந்தீர்கள். நானும் பேசாமல் நின்றேன், பாவி.

இன்று செருப்புகூடப் போடாமல் மூன்று மாடி இறங்கி ஓடினேன். "பையா, ருக்கோ" என்று அவரை நிறுத்தி, தராசிலிருந்து அதை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். மூச்சு வாங்கியது.

"அப்பா இல்லடி. நான்தான் திருப்பி வச்சேன்."

"அப்பாக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவு இன்னும் திறக்கவில்லை. கண்ணாடியை உங்கள் ஆணியிலேயே மாட்டிவிட்டேன், தட்டைப் பக்கம் வெயிலைப் பார்க்க. கண்ணை மூடும்வரை என் பழியை நீங்கள் சுமந்தீர்கள். இனி அது என்னிடமே இருக்கட்டும்.