மூன்று விரல் காட்டியது

ஐப்பசி 5, திங்கள்

காலையிலிருந்தே தூறல். எல்லார் செருப்பிலும் சேறு. கோச்சிங் சென்டர் படிக்கட்டை இரண்டு முறை துடைத்தேன்.

என் வேலை: பெருக்குவது, வெள்ளை போர்டு துடைப்பது, பதினொரு மணி டீ, நாலு மணி டீ. படிக்க வருகிறவர்கள் எட்டுப் பேர், எல்லாரும் காலேஜ் முடித்தவர்கள். சார் பெங்களூரிலிருந்து வருகிறார். ஒரு கம்பெனி என்ன விலை பெறும், அதன் ஷேரை வாங்கலாமா விற்கலாமா என்று கணக்குப் போடச் சொல்லித் தருகிறார். கப்பில் பாதி ஊற்றியதுமே மேலே கையை வைத்து மூடுவார். "சாகும்மா, சாகு." கன்னடத்தில் போதும் என்று அர்த்தம்.

இன்று சார் கேட்டது: "ரோஜாச் செடி வாங்குறீங்க. செடிக்குக் காசு குடுக்குறீங்களா, இனிமே பூக்கப்போற பூவுக்கா?" பதில் எனக்குத் தெரியும். அம்மா ரோஜா ஷெட்டில்தான் வேலை செய்கிறார். வயதான செடியை யாரும் சீந்தமாட்டார்கள். தட்டோடு நின்றேன், வாய் திறக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பிலும் இதே கதை. தெரிந்த பதிலுக்கும் எழுந்து நிற்கமாட்டேன். பாதியில் படிப்பை விட்டதற்கு வீட்டில் சொல்கிற காரணம் வேறு.

பால் பாக்கெட் ஒன்று கசிந்துவிட்டது.

செவ்வாய்

குளிர். இன்றும் பழைய வேலையின் கம்பெனிச் சட்டைதான். நீலம், பையின் மேல் கம்பெனி பெயர். ஆடியில் எங்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள், காண்ட்ராக்ட் பெண்கள் நாற்பது பேர். ஆர்டர் இல்லை, வந்தால் கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை. ஆனாலும் அம்மா தினமும்: "சட்டையைப் போட்டுட்டே போ. லைன் வீட்டுல எல்லார்கிட்டயும் கம்பெனிக்குப் போறாளுன்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

சென்டருக்குள் நுழைந்ததும் துப்பட்டாவால் பெயரை மூடிக்கொள்வேன். இன்று துப்பட்டா நனைந்துவிட்டது, காயப்போட்டிருந்தேன்.

காவ்யா அக்கா பார்த்துவிட்டார். பர்கூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். மற்றவர்களுக்கு நான் "ஏம்மா". என் பெயர் கேட்டவர் அவர் மட்டும்.

"மஞ்சு! நீ இந்தக் கம்பெனியிலயா இருக்கற?"

தலையாட்டினேன்.

"அப்ப இங்க? நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வர்றியா?"

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்.

"ஐயோ, எப்பதான் தூங்குவ? நான் ப்ராஜெக்டுக்கு எடுத்திருக்கறதே உங்க கம்பெனிதான். எத்தனை ஷிப்ட் ஓடுது?"

மூன்று விரல் காட்டினேன்.

நான் சேர்ந்தபோது மூன்றுதான் ஓடியது. எங்களை நிறுத்தும்போது ஒன்று. வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். வீடு வந்ததும் அந்தச் சமாதானமும் நிற்கவில்லை.

புதன்

காவ்யா அக்காவின் கணக்கைச் சார் சுவரில் பெரிதாகப் போட்டார். கட்டம் கட்டமாக எண்கள். மேலே ஒரு கட்டத்தில் 3. என் விரல்கள்.

"எப்படித் தெரியும்?"

"உள்ள வேலை செய்யற ஆள் சொன்னாங்க, சார்."

"குட். இருந்தாலும் ரெண்டு மணிக்குக் கம்பெனி கேட்டுல போய் நில்லும்மா. ஷிப்ட் மாறும்போது பஸ்ஸை எண்ணு. ஆள் சொன்னது வேற, கண்ணால பாத்தது வேற." பிறகு, அது தப்பாக இருந்தால் என்ன ஆகும் பாருங்கள் என்று 3-ஐ அழித்து 1 போட்டார். கீழே இருந்த எண்கள் எல்லாம் ஒரே நொடியில் மாறின. அடியில் 'வாங்கலாம்' போய் 'விற்கலாம்' வந்தது.

"போச்சு! காவ்யாவோட கம்பெனிய சார் இழுத்து மூடிட்டாரு" என்று ஒருத்தர். எல்லாரும் சிரித்தார்கள். காவ்யா அக்காவும். திரும்ப 3 போட்டார்கள்.

மதியம் மழை. அக்கா கேட்டுக்குப் போகவில்லை. "நம்ம மஞ்சுவ விடவா பஸ் கணக்கு சொல்லிரும்?" என்றார்.

போர்டைத் துடைக்கும்போது கை வலித்தது. ரொம்ப அழுத்தித் துடைத்திருக்கிறேன்.

வியாழன்

காவ்யா அக்கா தேங்காய் பன் வாங்கி வந்தார். நைட் ஷிப்ட் பார்த்த களைப்புக்காம். "உக்காந்து சாப்பிடு, கப்பெல்லாம் நான் கழுவறேன்." கழுவவும் செய்தார். பாதி பன்னைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வைத்தேன்.

சனிக்கிழமை பெங்களூரிலிருந்து ஒருவர் வருகிறார். எட்டுப் பேரும் அவர் முன்னால் தங்கள் ப்ராஜெக்டைப் பற்றிப் பேச வேண்டும், ஒருவருக்கு வேலை. அக்கா சொன்னது: "இது கெடைக்கலன்னா வீட்ல நிப்பாட்டிருவாங்க மஞ்சு. அப்பா குடுத்த டைம் இந்த மாசத்தோட முடியுது."

நிறுத்துவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

எப்படிச் சொல்வது:
- எழுதிக் கொடுப்பது. எழுதினேன். கிழித்தேன்.
- போர்டில் 1 என்று எழுதிவிட்டு ஓடிவிடுவது.
- சாரிடம். முடியாது.
- நாளையிலிருந்து வேலைக்கே போகாமல் இருந்துவிடுவது. இதைத்தான் அதிக நேரம் யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது.

வெள்ளி

மழை இல்லை.

கப் கழுவும் குழாயடியில் அக்காவிடம், "ரெண்டு மணிக்குக் கம்பெனி கேட்டுக்கு வர்றீங்களாக்கா?" என்றேன். கழுவின கப்பையே மறுபடி கழுவினேன். அக்கா ஒரு மாதிரி பார்த்தார். வந்தார்.

ஷேர் ஆட்டோ. எதிர்ப்புற பேக்கரி ஓரமாக நின்றோம். நான் சேர்ந்த புதிதில் ரெண்டு மணிக்கு ரோட்டில் கால் வைக்க முடியாது. கெலமங்கலம் பஸ், பேரிகை பஸ், சூளகிரி பஸ், எல்லாம் வரிசையாக நிற்கும். நாங்கள் ஜன்னல் சீட்டுக்கு ஓடுவோம்.

ரெண்டு. ரெண்டு பத்து. ரெண்டு இருபது. ஒரு பஸ்கூட இல்லை. தண்ணீர் லாரி ஒன்று போனது.

"இன்னிக்கு லீவா?" என்று அக்கா கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கேட்டிலிருந்து வாட்ச்மேன் அண்ணன் கூப்பிட்டார், ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி:

"ஏம்மா மஞ்சு! திரும்ப எடுத்துட்டாங்களா உன்ன?"

"இல்லண்ணா."

"எங்க எடுக்கறது! காலைல வர்றாங்க, அஞ்சு மணிக்குப் போயிர்றாங்க. ஒரே ஷிப்ட்டு. நீங்கல்லாம் போனப்ப ஓடுன மாதிரியேதான் இன்னும் ஓடுது."

அக்கா நோட்டை எடுத்தார். எதுவும் எழுதாமல் மூடினார். ஆட்டோவில்தான் கேட்டார்.

"எப்பலருந்து?"

"ஆடி."

"நைட் ஷிப்ட்டான்னு கேட்டனே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல? பன் வேற வாங்கிக் குடுத்தேன்டி உனக்கு."

"வேலைய விட்டு அனுப்புனாங்கன்னு சொல்ல..."

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் நான் நின்னு அசிங்கப்பட்டிருப்பேன். தெரியுமா?"

தெரியும் என்றேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

சனி

வெயில். சுடிதார் போட்டேன். அம்மா: "சட்ட எங்கடி?" "பெட்டில இருக்குது." பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்தார். பார்க்கட்டும் என்று தைரியமாக எழுத ஆசைதான். வேகமாக நடந்தேன், அவ்வளவுதான்.

காவ்யா அக்கா என்னிடம் பேசவில்லை. கண் சிவந்திருந்தது. ராத்திரியெல்லாம் கணக்கை மாற்றியிருப்பார்.

டீ கொண்டுபோனபோது அக்காவின் முறை. சுவரில் அந்தக் கட்டத்தில் 1. அடியில் 'விற்கலாம்'.

வந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தக் கம்பெனிய எல்லாரும் வாங்கலாம்னுதான் சொல்றாங்க. ஒரு ஷிப்ட்டுன்னு எத வெச்சு சொல்றீங்க?"

"நேத்து ரெண்டு மணிக்குக் கேட்டுல நின்னேன் சார். ஒரு பஸ்கூட வரல."

"ஒரு நாள் பாத்தா போதுமா? நேத்து மட்டும் அப்படி இருந்திருக்கலாமில்ல?"

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. சொல்லவா என்று கேட்கிற மாதிரி. என் பெயரை அவராகச் சொல்லப்போவதில்லை என்று புரிந்தது.

தலையாட்டினேன்.

"அங்க வேலை செஞ்சவங்க இங்கயே இருக்காங்க, சார்" என்றார் அக்கா.

எல்லாத் தலையும் திரும்பியது. கழுத்து வரை எரிந்தது. தட்டை மேசையில் வைத்தேன்.

"எப்பம்மா நிறுத்துனாங்க?"

"ஆடிப் பெருக்குக்கு முந்தின நாள், சார். நாப்பது பேர். அப்பவே ஒரு ஷிப்ட்டுதான். எனக்கு அதுக்கப்புறம் வேலை இல்ல."

என் குரல்தான். அவர் குறித்துக்கொண்டார், அக்காவிடம் அடுத்த கேள்வி கேட்டார். அக்கா பதில் சொன்னார். குரல் நடுங்கவில்லை. முடிவு திங்கட்கிழமை தெரியுமாம்.

மிச்ச டீயைச் சமையலறையில் குடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சர்க்கரையே போடவில்லை. யாராவது மீதி வைத்திருக்கிறார்களா என்று போய்ப் பார்த்தேன். எல்லாக் கப்பும் காலி.