சுறா எண்ணெய் பிடித்த ஆணி

10.08.2003, ஞாயிறு இரவு

இன்று நான் வென்றேன். சைக்கிள் சீற்றின் ஆணி கழன்றுவிட்டது.

துருப்பிடிக்கக் கூடாதென்று, தோணிக்குப் பூசுகிற சுறா எண்ணெயைப் போன மாரியில் என் வீட்டுக்காரர் சைக்கிள் முழுக்கப் பூசினார். அது காய்ந்து பிசினாகி ஆணியைப் பிடித்துக்கொண்டது. சீற் அவருடைய உயரத்திலேயே நின்றுவிட்டது. எனக்குக் கால் எட்டாது. நாளை சரவணைப் பாலர் பாடசாலையில் ஆசிரியையாக எனக்கு முதல் நாள்; இந்தச் சைக்கிளில்தான் போகவேண்டும்.

மண்ணெண்ணெய் விட்டும் அசையவில்லை.

"இனி ஏலாது. இரும்பறுக்கிற வாளால ஆணியை அறுப்பம்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சைக்கிளில கை வைச்சுப் பாருங்கோ!"

பின்னேரம் நாளைக்கான சேலையை மினுக்கும்போதுதான் யோசனை வந்தது. மண்ணெண்ணெயை நன்றாகத் துடைத்தேன். சிரட்டைக்கரி கனன்ற ஸ்திரிக்கைப் பெட்டியை அப்படியே ஆணியில் அழுத்திப் பிடித்தேன். பிசின் இளகி, மீன் பொரிக்கிற மணம் வந்தது. ஸ்பானரைப் போட்டு என் முழுப் பாரத்தையும் கொடுத்தேன். 'டக்' என்று விட்டது!

சீற்றை எனக்கு அளவாக இறக்கி, நானே இறுக்கினேன். வாசல் ஒழுங்கை முழுக்கச் சைக்கிள் ஓடிக் காட்டினேன்.

இவரும் ஏறிப் பார்த்தார். முழங்கால் ஹாண்டிலில் இடித்தது.

"எனக்குக் கொஞ்சம் உயர்த்தித் தாருமன்."

"உங்களுக்குத் தோணி இருக்குத்தானே," என்றேன்.

மிச்சச் சேலையையும் அதே பெட்டியால்தான் மினுக்கினேன். முந்தானை சுறா மணக்கிறது. மணக்கட்டும்.