செண்பகம் மடக்கிய கால்

28.1.2025
வலது முழங்காலை ஆபரேஷனில் மாற்றி எட்டு நாள். இன்று வீட்டுக்கு வந்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து கட்டில் வரை பத்தொன்பது அடி. வலி இருக்கிறது, வேறு யாருக்கோ வலிப்பதுபோல. மகன் தென்னரசு நாளை மஸ்கட் திரும்புகிறான். "திண்டிவனத்துல இருந்து சின்னம்மா வர்றாங்கம்மா. நான்தான் கூப்டேன்" என்றான். எப்போதிலிருந்து அவளோடு பேசுகிறான்? சரி என்றேன்.

30.1
செண்பகம் வந்துவிட்டாள். என் கணவரின் இரண்டாவது மனைவி. அவர் விழுப்புரம்–திண்டிவனம் பஸ் ஓட்டினார். இரண்டு ஊரிலும் வீடு வைத்திருந்தார். இறந்து மூன்று வருடம். இந்த வீட்டுக்குள் அவள் வருவது இதுதான் முதல் தடவை.
"எப்படிக்கா இருக்கீங்க?"
முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

4.2
தையல் பிரித்தார்கள்.

11.2
பிசியோதெரபி பெண் இசைவாணி, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தாள். ஐம்பத்தைந்து டிகிரி. "ஆறாவது வாரத்துல தொண்ணூறு வரலைன்னா, டாக்டர் மயக்கம் குடுத்து மடக்கிடுவாரும்மா."
மடக்கட்டும்.

15.2
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மடக்க வேண்டும். இன்றும் மாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். மூன்றாவது நாள்.
"எதுக்குக்கா பேஜாரு பண்றீங்க? காலு கட்டையாப் பூடும்."
"போனா போவட்டும். உனக்கென்னா?"
"எனக்கென்னாவா? அவரு செத்த அன்னிக்கு கேட்டைப் பூட்டிட்டீங்க. பொணம் எடுக்கிற வரைக்கும் ரோட்லயே நின்னுகினு இருந்தேன். மூஞ்சியக்கூடப் பாக்கல. அதையும் மனசுல வச்சிக்கினுதான் வந்திருக்கேன். எழுந்து உக்காருங்க."
பூட்டியது என் தம்பி செல்வகுமார். சொன்னது நான். அவள் வெயிலில் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தப்பா? அன்றைக்கு எதுவும் தோன்றவில்லை. இன்றைக்கும்—
எழுந்து உட்கார்ந்தேன். கணுக்காலைப் பிடித்து அழுத்தினாள். பத்து எண்ணும்வரை விடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அழுதேனா, தெரியாது.

16.2
அறுபத்திரண்டு.

24.2
முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "கடைசியா அவருக்கு என்னா சட்டை போட்டு எடுத்துகினு போனீங்க?"
"நீலக் கோடு போட்டது. பீரோவுல மேலயே இருந்துச்சு."
"அது நான் எடுத்துக் குடுத்தது" என்றாள்.
தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதிலாக, அவள் கேட்காமலே சொன்னேன்: "மூஞ்சி வீங்கல. சவரம் பண்ணி மூணு நாள் ஆயிருந்துச்சு. மீசையில வெள்ளை தெரிஞ்சிது."
தலையை ஆட்டினாள். ஐஸ் உருகித் துணி சொட்டிக்கொண்டிருந்தது. ரெண்டு பேரும் எடுக்கவில்லை.

3.3
தொண்ணூற்று மூன்று. மயக்கமெல்லாம் வேண்டாம் என்றார் டாக்டர்.

5.3
மத்தியானம் செண்பகம் ஊருக்குப் போனாள். வீடு அப்படியேதான் இருக்கிறது.

9.4
வாக்கர் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். இடது முழங்காலும் தேய்ந்துவிட்டதாம். மே மாதம் செய்யலாம் என்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் திண்டிவனத்துக்கு ஃபோன் போட்டேன்.
"தேதி எப்போக்கா?"
"மே பன்னெண்டு."
"அதுக்குள்ள மல்லாட்டை புடுங்கி முடிச்சிடுவேன். மொத நாளே வந்துர்றேன்." நிலத்தில் வேர்க்கடலை அறுவடையாம்.
அப்புறம்தான் தென்னரசுவிடம் சொன்னேன். லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றான்.
வேண்டாம், ஆள் இருக்கிறது என்றேன்.