கோழிச்செல்லும் பாபாவின் முதுகும்

ஆகஸ்ட் 4

ஸெனெத் இன்றும் முட்டையிடவில்லை. கொண்டை வெளுத்துப்போய் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. மாலையில் நான்கு கோழிகளும் கூண்டுக்குள் போக மாட்டோம் என்று முற்றத்து எலுமிச்சை மரத்தில் ஏறிக்கொண்டன. பாபா ஏணி கேட்டார். எழுபத்து மூன்று வயதில் ஏணி! நானே ஏறி ஒவ்வொன்றாக இறக்கினேன். கடைசிக் கோழியைக் கீழே விட்டபோது முழங்கையில் ஏதோ ஊர்ந்தது. விளக்கடியில் பார்த்தேன். மிளகாய்த்தூள் சிந்தியது போல இருந்தது. தூள் நடந்தது.

கோழிகளின் பெயர்கள் ஸெனெத், மக்னாஸி, மெத்லாவி, க்ரைபா. பாபா நாற்பது வருஷம் பாஸ்பேட் ரயில் ஓட்டிய பாதையின் நிலையங்கள். அம்மா போனபின் அவர் வாய்விட்டுப் பேசுவது இந்த நாலு பேரிடம்தான். மகளான என்னிடம் சாப்பாட்டுக்கு உப்புப் போதுமா என்பதோடு சரி.

ஆகஸ்ட் 5

நேற்று கோழிகள் உட்காரும் கட்டையின் கீழே வெள்ளைக் காகிதம் விரித்து வைத்திருந்தேன். காலையில் எடுத்தால் காகிதம் முழுக்கச் செல்லு, ரத்தம் குடிக்கும் பொடிப்பூச்சி. விரலால் தேய்த்தேன், சிவப்பாக இழுத்துக்கொண்டு போனது. அது கோழியின் ரத்தம்.

ஓட்டுநர் பயிற்சி வகுப்பில் ஒரு பெண் காரை நடைபாதையில் ஏற்றிவிட்டாள். என் பக்கத்து பிரேக்கை நான் மிதிக்கவே இல்லை. கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தேன். ஓட்டக் கற்றுக்கொடுப்பவள்!

ஆகஸ்ட் 7

பக்கத்து வீட்டு மொன்ஜிய்யா மதிலுக்கு மேலாக ஒரு பொட்டலத்தை நீட்டினாள். அவள் தம்பி ஒலிவத் தோட்டத்தில் தெளிக்கும் மருந்தாம். “ஒரு பிடி தூவு ரௌதா. பூச்சியும் போகும், அது பெத்ததும் போகும்.”

பாபா நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்: “கோழியும் போகும், கோழிகிட்ட நிக்கிற நானும் போவேன். இவளுக்கு ரொம்ப நாளா என் வீட்டு மேல கண்ணு.”

“ஷாத்லி ஐயா, உங்க வீட்ட சும்மா குடுத்தாலும் வேணாம். கூரை ஒழுகுது” என்றாள் அவள்.

சிரித்துக்கொண்டேதான் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றிராவிட்டால் தூவியிருப்பேன்.

கூண்டின் இடுக்கெல்லாம் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினேன். காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்தேன். கோழிகள் புரள ஒரு தொட்டியில் சாம்பல் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 12

திரும்பி வந்துவிட்டது. சுண்ணாம்புக்கு மேலேயே ஊர்கிறது. பூச்சியின் முட்டைகள் பலகைக்குள்ளே தப்பியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மத்தியானம் சாப்பாட்டின்போது பாபா நாற்காலி முதுகில் தன் முதுகைத் தேய்த்தார். கழுதை மரத்தில் உரசுகிற மாதிரி. நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஆகஸ்ட் 14

ஸெனெத் செத்துப்போச்சு. காலையில் பாபா மடியில் வைத்திருந்தார். எனக்கு முன்னாடியே எழுந்திருக்கிறார். எடை என்று சொல்ல ஒன்றுமில்லை, இறகு மட்டும்தான்.

கோதுமைக் குருணையில் குஸ்குஸ் வைத்தேன். பாபா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது என்றார். துக்கத்தில் நாக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 16

கால்நடை மருத்துவர் ஹாத்தெமை வீட்டுக்கே அழைத்து வந்தேன். கத்தி முனையால் கூண்டுப் பலகையின் இணைப்பை நெம்பிக் காட்டினார். உள்ளே கொத்துக் கொத்தாக, சாம்பலும் சிவப்புமாக.

“கோழிக்கு மட்டும் மருந்து விட்டா போதாதுங்க. இது பகல்ல கோழி மேல இருக்காது. இந்தப் பலகைக்குள்ளதான் குடித்தனம். நீங்க கூண்ட வச்சுக்கிட்டுப் பூச்சிய விரட்டறீங்க.”

கோழிகளின் பின்கழுத்தில் சொட்டு மருந்து விட்டார். மறுபடியும் விட வேண்டுமாம், அதுவரை முட்டையைச் சாப்பிடக்கூடாதாம். கூண்டை எரித்துவிடச் சொன்னார். அது பாபா தன் கையால் செய்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 17

எரித்தாயிற்று. பாபாதான் தீ வைத்தார். பாதி எரிவதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. புகை என்றார். காற்று எதிர்ப்பக்கமாக அல்லவா அடித்தது?

இரும்புக் கம்பிக் கூண்டு நாளை வருகிறது.

ஆகஸ்ட் 24

இரண்டாம் முறை மருந்து விட்டோம். கோழிகள் சண்டை போடாமல் கூண்டுக்குள் போகின்றன. க்ரைபாவின் கொண்டையில் சிவப்பு திரும்புகிறது.

ஆகஸ்ட் 25

காகிதம் வெள்ளை. ஒரு புள்ளிகூட இல்லை.

ஆகஸ்ட் 27

பாபாவின் படுக்கை விரிப்பைத் துவைக்க எடுத்தேன். முதுகு படும் இடத்தில் கோடு கோடாக ரத்தம்.

எங்கே இருக்கு இது? மெத்தையிலயா? சுவத்துலயா? கோழிய விட்டுட்டு இவர்கிட்ட வந்துடுச்சா?

மெத்தையை வெயிலில் போட்டேன், கட்டிலின் ஒவ்வொரு ஆணித் துளையிலும் கொதிநீர் ஊற்றினேன். மருந்துக்கடைக்காரன் சிரங்காக இருக்கும் என்று ஒரு களிம்பு கொடுத்தான். கழுத்திலிருந்து பாதம் வரை பூசச் சொன்னான். காலுக்கு மட்டும் பாபா என்னை விடவில்லை, தானே பூசிக்கொள்கிறாராம். இந்த வெயிலிலும் காலுறை.

ஆகஸ்ட் 30

களிம்பு பலிக்கவில்லை. இன்னும் அதிகமாகச் சொறிகிறார். ரொட்டி மாவைச் சல்லடையில் பார்த்தேன், தேயிலையைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். எல்லாத் துகளும் நடப்பது போலத் தெரிகிறது.

கோழிகள் பக்கம் போகக்கூடாது என்று அவரிடம் சொன்னேன். கத்தினேன் என்றுதான் எழுத வேண்டும். மூன்றையும் மொன்ஜிய்யாவிடம் கொடுத்துவிடப் போகிறேன் என்றேன்.

“என்னையும் கூண்டோட எரிச்சிருக்கலாம்ல” என்றார். பிறகு அறைக்குள் போய்விட்டார்.

செப்டம்பர் 2

ஹாத்தெமை மறுபடி வரச் சொன்னேன். செல்லு வீட்டுக்குள் வந்துவிட்டது என்றேன். புதுக் கூண்டைப் பார்த்தார், கோழிகளின் இறகை விலக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். நான் விடவில்லை. பாபாவின் சட்டையை நானே தூக்கிக் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னிடம், “உங்களையும் கடிச்சுதே, எப்ப நின்னுது?” என்று கேட்டார். கூண்டை எரித்ததுமே நின்றுவிட்டது என்றேன்.

“இங்க கடிச்ச தடமே இல்லங்க. எல்லாம் நகக் கீறல். நான் கோழி வைத்தியன், இதுக்கு மேல சொல்லக்கூடாது. ஆனா நாளைக்கே ரத்தம் எடுத்துப் பாருங்க. தள்ளிப் போடாதீங்க.”

அந்த ‘தள்ளிப் போடாதீங்க’ என்பதை அவர் பாபாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

செப்டம்பர் 3

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு நாளை என்றார்கள். சாயங்காலமே தொலைபேசியில் கூப்பிட்டார்கள். சாயங்காலமே கூப்பிடுகிறார்கள் என்றால்—

செப்டம்பர் 4

சிறுநீரகம். இரண்டுமே ஏறக்குறைய நின்றுவிட்டதாம். கழிவு ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. அரிப்பு அதனால். வாயில் இரும்பு, மூச்சு வாங்கல், எல்லாம் அதனால். பூச்சி இல்லை. பூச்சி இல்லவே இல்லை.

மருத்துவர் காலுறையைக் கழற்றச் சொன்னார். கழற்ற முடியாமல் கத்தரியால் வெட்டினார்கள். கால் இரண்டும் பிசைந்த மாவு. விரல் வைத்த இடம் குழியாகவே நின்றது.

“எப்பலேர்ந்து பாபா?”

“வசந்த காலத்துலேர்ந்து.”

“ஏன் சொல்லல?”

சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். “உங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். தனியாத்தான் திரும்பி வந்தேன். நீயும் அப்படி வரணுமா?”

நான் அழக்கூடாது என்று நினைத்தேன். முடியவில்லை. நான் இத்தனை நாளும் மிளகாய்த்தூள் அளவுப் பூச்சிக்குப் பயந்து மாவைச் சலித்துக்கொண்டிருந்தேன். அவர் இதை ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

செப்டம்பர் 5

ரத்தத்தைச் சுத்திகரிப்பதற்காகக் கழுத்தில் குழாய் போட்டார்கள். கதவுக்கு வெளியே நின்றேன். மொன்ஜிய்யா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 6

முதல் முறை டயாலிசிஸ் இயந்திரத்தில். பாதியில் இரத்த அழுத்தம் விழுந்து கண் மேலே செருகிக்கொண்டது. தாதி ஓடி வந்து காலைத் தூக்கிப் பிடித்தாள். அந்த நேரத்தில் எனக்கு எந்தப் பிரார்த்தனையும் ஞாபகம் வரவில்லை. பாபா, பாபா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண் திறந்ததும் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தாயா என்று கேட்டார்.

செப்டம்பர் 11

வாரத்தில் மூன்று நாள். இனி எப்போதும். ‘எப்போதும்’ என்று மருத்துவர் சொன்னபோது பாபா தலையாட்டினார், ரயில் நேர மாற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி. என்னால்தான் முடியவில்லை.

முதுகில் புதுக் கீறல் குறைந்திருக்கிறது. முழுசாக நிற்காது, ஆனால் குறையும் என்றார்கள்.

செப்டம்பர் 19

கால் வடிந்திருக்கிறது. கணுக்கால் எலும்பு தெரிகிறது.

அக்டோபர் 2

காலை வகுப்பை மாற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பாபா சட்டை மாட்டி, தலை சீவி, வாசலில் நின்றுகொண்டிருந்தார். நேரம் இருக்கிறதே, தேநீர் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

“தேநீரா? லேட்டாப் போனா ஜன்னலோரப் படுக்கைய அந்த மஹ்ரெஸ் ஊர்க்காரன் பிடிச்சுடுவான், அவன் பக்கத்துப் படுக்கைதான் மிஞ்சும். அவன் மீன்பிடிக் கதைய நாலு மணி நேரம் கேக்கறது யாரு, நீயா? வண்டிய எடு.”

வண்டியை எடுத்தேன்.