போகிப் புகையும் பவளத் துண்டுகளும்

ஜன. 12, திங்கள்
பனி. கல்மண்டபம் வரை லாரி வரிசை, ஆய்வகத்துக்கு லேட். தொட்டிகளில் உப்பு சரி, சூடு சரி. சிமென்ட் பில்லையில் ஒட்டிய பவளத் துண்டுகளில் நல்ல பழுப்பு ஏறியிருக்கிறது, உயிர் பிடித்ததற்கு அடையாளம். பொங்கல் முடிந்ததும் தூத்துக்குடிக் கடலில், செத்த பவளப் பாறைமேல் நடவேண்டும். போன தடவை வளர்த்தது மொத்தமும் போச்சு. இதுவும் போனால் ஆய்வகத்தையே மூடிவிடுவார்கள் என்று இயக்குநர் மேடம் ஃபோனில் சொன்னார்.
வாங்க: பாசி தேய்க்க பிரஷ், டியூப், அம்மாவுக்கு மாத்திரை.

ஜன. 13, செவ்வாய்
நாளைக்குப் போகி. இங்கே டயர், கிழிந்த நைலான் வலை எல்லாம் எரியும். தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. பக்கத்தில் கொளுத்தினால் புகை நேராகத் தண்ணீருக்குள். நிறுத்தினாலோ துண்டுகள் ரொம்ப நேரம் தாங்காது. எதிர்த் தெருவில் கொளுத்தும் கும்பலுக்குத் தலைவன் யார்? என் தம்பி சேகர்! போய்க் கெஞ்சினேன்.
"இன்னாக்கா, கல்லுக்குப் போயி மூச்சு முட்டுமா?"
"கல்லு இல்லடா, உசுரு."
"சரி வுடு. கொளுத்தல. போதுமா?"
பின்னால் ஒருத்தன் சிரித்தான். இவன் பேச்சை எவன் நம்புவான்? போன வருஷம் அம்மாவிடமும் இப்படித்தான் தலையாட்டிவிட்டுப் போய்க் கொளுத்தினான்.

ஜன. 14, புதன். போகி
விடியுமுன் ஆய்வகம். ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத் துணி. போகி மேளம். கொஞ்ச நேரத்தில் டயர் நாற்றம். கொளுத்திட்டான் பாவி! மோட்டாரை நிறுத்தினேன். தண்ணீரில் காற்றுக் கலக்கட்டும் என்று மக்கில் மொண்டு மொண்டு திரும்ப ஊற்றினேன், தொட்டி தொட்டியாக. தோள்பட்டை விட்டுப்போச்சு. நாற்றம் போகவில்லை, மோட்டாரைப் போட பயம். வெளியே எட்டிப் பார்க்கக்கூட இல்லை, அவன்மேல் அவ்வளவு கோபம்.
வெயில் ஏறியபோது துண்டுகள்மேல் சளி. தொட்டால் சதை கழன்று உள்ளே வெறும் வெள்ளைக் கூடு. பதறிப்போய் மோட்டாரைப் போட்டேன். பலனில்லை. பாதிக்குமேல் போச்சு.
கதவைத் திறந்தேன். புகை தூரத்தில், டோல்கேட் பக்கம். மெலிசு. மோட்டார் ஓடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. எதிர்த் தெருவில் டயர் குவியல் அப்படியே, எரியாமல். சுற்றிலும் மொத்தக் கும்பலும் குந்தியிருக்கிறது. சேகர் எழுந்து வந்தான்.
"காத்தாலேந்து ஒருத்தனையும் நெருப்புப் பெட்டி தொட வுடலக்கா. நீ சொன்னாதான் எழுந்துக்கறதுன்னு குந்திகினு கீறோம். உன் பவளம் நல்லா கீதா?"
"நல்லா கீதுடா."
"கேட்டுகினீங்களாடா?" என்று திரும்பிக் கத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள்.