வீட்டில் சொல்லித்தர வேண்டாம்

4 ஜூன் 2018, திங்கள்
மகள் அனுசியாவைத் தென்காசியில் அந்தத் தனியார் பள்ளியில் சேர்த்தாயிற்று. ஆறாம் வகுப்பிலிருந்தே நீட் பயிற்சி. ஃபவுண்டேஷன் என்று பெயர்.

"ஒங்க ஸ்கூல்ல சேத்தா என்ன?" என்று மனைவி உலகம்மை கேட்டாள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கடையம் பக்கத்து அரசுப் பள்ளியில் பதினோரு வருடமாக பிசிக்ஸ் நடத்துகிறேன். அங்கே என்ன லட்சணம் என்று எனக்குத் தெரியாதா? அந்த லட்சணத்தில் நானும் சேர்த்திதானோ?

சேர்க்கும்போது ஒரு நிபந்தனை. பெற்றோர் வீட்டில் பாடம் சொல்லித்தரக் கூடாது, பள்ளியின் முறை வேறு, பிள்ளை குழம்பிவிடுமாம். "நீங்க டீச்சர்ங்கதால முக்கியமாச் சொல்லுதோம் சார்." கையெழுத்துப் போட்டேன்.

14 ஜூலை 2019
ஐந்தருவியில் நல்ல சாரல். ஞாயிறு டெஸ்ட், அனுசியா வரவில்லை.

31 அக்டோபர் 2020
ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் ஏழரை சதவீத இடம். அரசாணை வந்துவிட்டது. அனுசியா இப்போது எட்டாவது. திரும்பக் கூட்டிவந்தாலும் ஆறும் ஏழும் போனது போனதுதான்.

எங்கள் கெமிஸ்ட்ரி பிச்சுமணி சாருக்கு போனில் ஒரே சிரிப்பு. "ஊரார் பிள்ளைக்கெல்லாம் சீட்டு, ஒம்ம பிள்ளைக்கு மட்டும் இல்லங்கீரே வே!" நானும் சிரித்துவைத்தேன்.

9 டிசம்பர் 2022
அனுசியா லென்ஸ் கணக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ப்பா, இது மட்டும்." படம் போடாமல் நேரே சூத்திரத்துக்குள் குதித்திருக்கிறாள், அதுதான் தப்பு. பார்த்ததுமே தெரிந்தது.

"அங்கனயே கேளும்மா, கொழம்பிரும்" என்றேன்.

நோட்டை மூடிக்கொண்டு போனாள். இனிமேல் என்னிடம் கேட்கமாட்டாள் என்று நினைக்கிறேன். நல்லதுதான். நல்லதா?

17 ஆகஸ்ட் 2023
அனுசியாவின் பழைய பயிற்சிப் புத்தகங்கள் பரண் நிறைய. எடைக்குப் போடுவானேன் என்று பள்ளிக்குக் கொண்டுபோனேன். பதினோராம் வகுப்பில் நாலு பேர், பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் நீட் வகுப்பு. அதில் சுஜிதா என்று ஒரு பிள்ளை, அம்மா பீடி சுற்றுகிறவர். அதே லென்ஸ் கணக்கை மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் சொன்னேன். எனக்குக் கோபமே வரவில்லை.

4 மே 2025
நீட் முடிந்தது. "எப்படிம்மா?" "எழுதியிருக்கேன்."

14 ஜூன் 2025
நீட் ரிசல்ட். சுஜிதாவைவிட அனுசியாவுக்கு நாற்பது மார்க் அதிகம். சந்தோஷப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பட்டேன்.

21 ஆகஸ்ட் 2025
சுஜிதாவுக்கு ஏழரை ஒதுக்கீட்டில் சீட். அனுசியாவுக்குப் பொதுப் பட்டியலில் இல்லை.

பள்ளியில் எனக்குச் சால்வை போட்டார்கள். சாயங்காலம் சுஜிதா லட்டோடு குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். "சார் இல்லன்னா நான் இல்ல" என்று உலகம்மையிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அனுசியாதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் போனபிறகு அனுசியா சொன்னாள்: "நீங்க நல்லா நடத்துவீங்களாம்லா. சுஜி சொல்லுதா."

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரியாமல்தான் சொன்னாள். பாவி நான், ஏழு வருடம் வீட்டிலேயேதானே இருந்தேன்.

8 செப்டம்பர் 2025
இன்னொரு தடவை எழுதுகிறாளாம். பயிற்சி மையம் வேண்டாம், "வீட்ல இருந்தே படிக்கேன்" என்கிறாள். என் மேஜையை ஒழித்து வைத்தேன், பக்கத்தில் ஒரு நாற்காலியும் போட்டேன். சொல்லித்தரட்டுமா என்று நானாகக் கேட்க வாய் வரவில்லை.

26 அக்டோபர் 2025, ஞாயிறு
நாற்காலியில் துணி காய்கிறது.

அனுசியா உள்ளறையில் போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். ஹாஸ்டலிலிருந்து சுஜிதா பேசுகிறாள். லென்ஸ் கணக்கு.

"ஏட்டி, சூத்திரத்துக்கு ஓடாத. மொதல்ல படத்தப் போடு. கதிர் எங்கன போவுதுன்னு பாரு. பெறவு கணக்கு தானா வரும்."

ஒரு சொல் மாறாமல் நான் சொன்னது.

"இவ்வளவுதானா?" என்கிறாள் என் மகள்.