காய்ச்சல் விட்ட நாள்

இஞ்சாருங்கோ,

ஆஸ்பத்திரி வாசலில கைக்குப் பூசிற மருந்தின்ர மணம் மூக்கில ஏறினதும் உங்கட நினைவுதான் வந்தது. உங்களைக் கொண்டு வந்ததும் இதே வாசலுக்குத்தான். இண்டைக்கு எங்கட மகளைக் கொண்டு வந்திருக்கிறன். உள்ள ரத்தம் எடுக்கினம். நான் வெளியில கதிரையில இருந்து உங்களுக்கு எழுதிறன்.

போன வருசம் உங்கட தங்கச்சி வீட்டுக் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போய் வந்து காய்ச்சலாக் கிடந்தீங்கள். கண்ணுக்குப் பின்னால குத்துது எண்டீங்கள். டெங்குவோ எண்டு கேட்டன். "அது எனக்கு முந்தி ஊரில ஒருக்கா வந்திட்டுது. அம்மாள் வருத்தம், அந்த அம்மை மாதிரி, வந்தவனுக்குத் திரும்ப வராது" எண்டு சிரிச்சீங்கள். எனக்கும் அது சரியாத்தான் பட்டது.

காய்ச்சல் விட்ட அண்டைக்கு, அம்மாள் இறங்கினவைக்கு வாக்கிற மாதிரியே வேப்பிலை போட்டுத் தண்ணி வாக்கச் சொன்னீங்கள். இங்கத்தைத் தமிழ்க் கடையில வேப்பிலை வாங்கி வந்து வாத்தன். "நாளைக்கு ஷிப்டுக்குப் போறன்" எண்டீங்கள். துடைச்சு விடேக்க உங்கட கை சில்லிட்டுக் கிடந்தது. குளிச்சதாலயாக்கும் எண்டு இருந்திட்டன். வயித்தைப் பிடிச்சுக்கொண்டு, "கலியாண வீட்டுச் சாப்பாடு இப்பதான் வேலையைக் காட்டுது" எண்டு பகிடி வேற. பிறகு சத்தி, வாந்தி வாந்தியா எடுத்தீங்கள். பல்லு முரசால ரத்தம். கதிரையால எழும்பினவுடன விழுந்திட்டீங்கள்.

டாக்குத்தர் சொன்னதை மகள்தான் எனக்குத் தமிழில சொன்னாள். "ரெண்டாந்தரம் வந்தாத்தான் கூட மோசமாகுமாம், அம்மா. காய்ச்சல் விடேக்கதானாம் பயம். ரத்தக் குழாய்க்குள்ளால தண்ணி கசிஞ்சு போகுதாம்." நீங்கள் வீட்டுக்குத் திரும்பி வரேல்லை.

இப்ப அவளும் ஊருக்குப் போய் வந்து காய்ச்சலாப் படுத்தாள். இண்டைக்குக் காலமை காய்ச்சல் இல்லை. "பாருங்கோ அம்மா, நார்மல். நான் ஓகே" எண்டாள். ஒரு கை வயித்தில இருந்தது.

"சப்பாத்தைப் போடு."

"அம்மா, நான் அப்பா இல்லை."

"ஓம். அவற்ற பிள்ளை. போடு."

ட்ராம் முழுக்க அவளின்ர கையை நான் விடேல்லை. இங்க வந்து, ஆஸ்பத்திரிக்காரர் கேக்க முன்னமே எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொன்னன்: ஊருக்குப் போய் வந்தவள், காய்ச்சல் விட்டிட்டுது, வயிறு நோகுது, தகப்பன் இதாலதான்... அதுக்கு மேல இங்கிலீசு வரேல்லை.

இப்ப நர்ஸ் வந்து, எனக்கு விளங்க மெல்லமாச் சொன்னா. டெங்குதானாம். ரத்தத்தை உறைய வைக்கிற அணுக்கள் குறைஞ்சுகொண்டு போகுதாம். வீட்டுக்கு விடாமல் இங்கயே மறிச்சு வைச்சுப் பாக்கினமாம். "நேரத்துக்குக் கொண்டு வந்தீங்கள்" எண்டா.

உங்களைக் கொண்டு வந்தபோது எனக்கு அதை ஒருத்தரும் சொல்லேல்லை. இப்ப அந்தச் சொல்லைத்தான் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன். திரும்பவும் ரத்தம் எடுக்க உள்ள ஆள் போகுது.